தண்ணி கேக்காத பிள்ளை

ஆகஸ்ட் மாசம் வியட்நாம்ல, நான் டீச்சரா இருக்குற சைகோன்ல, நல்ல மழைக்காலம். காலைல வெயில் சுள்ளுன்னு அடிக்கும், மத்தியானம் தாண்டுனா வானம் கறுத்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிரும். அந்த மாசம்தான் எங்க ஸ்கூல்ல புது வருஷம் ஆரம்பிக்கும். அந்த வருஷம் என் க்ளாஸுக்கு வந்த 16 பிள்ளைங்கள்ல ஒருத்தி கொரியப் பொண்ணு, நாலு வயசு, மழை பெஞ்சாலும் பெய்யாட்டியும் மஞ்சக் கலர் ரப்பர் பூட்ஸ் போட்டுட்டுதான் வருவா. பேரை இங்க எழுதக்கூடாது, அதனால அவளை பூட்ஸ் பாப்பான்னே சொல்றேன்.

மொத ரெண்டு வாரம் எர்லி இயர்ஸ் க்ளாஸ் எப்படி இருக்கும்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். வாசல்ல அம்மா காலைக் கட்டிக்கிட்டு ஒண்ணு, ஷூ ராக்குக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு ஒண்ணு, சாப்பிட்டதெல்லாம் கக்கி வச்சுட்டு ஒண்ணு, ஒருத்தன் அழுகை ஓயுற நேரத்துல அவனைப் பாத்து இன்னொருத்தி ஆரம்பிப்பா. வியட்நாமீஸ், கொரியன், ஜப்பானிஸ், ஃப்ரெஞ்ச்னு நாலஞ்சு பாஷைல அழுகை. எனக்கு இதுல பயம் கிடையாது, அழற பிள்ளை எனக்கு எப்பவுமே சுலபம், ஏன்னா அது தனக்கு என்ன வேணும்னு சத்தமா சொல்லிட்டு இருக்கு. பூட்ஸ் பாப்பா அழவே இல்ல. அம்மாவுக்கு டாட்டா காட்டிட்டு, நேரா வந்து ப்ளாக்ஸ் இருக்குற மூலைல உக்காந்து, சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம, கூப்பிட்ட இடத்துக்கு வந்து, கொடுத்ததை சாப்பிட்டு, தூங்கச் சொன்னா கண்ணை மூடி, அப்படியே வீட்டுக்குப் போயிருவா. நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லன்னு எல்லாரும் சொன்னோம். அந்த வார்த்தையை நெனச்சா இப்ப எனக்கு வருத்தமா இருக்கு.

எங்க க்ளாஸ்ல தண்ணி ஜக் என் டேபிள் பக்கத்துல உயரமா இருக்கும். தண்ணி வேணும்னா பிள்ளைங்க வந்து 'வாட்டர் ப்ளீஸ்'னு கேக்கணும், கேட்டா ஊத்திக் கொடுப்பேன். இது நான் போட்ட ரூல். பேச வைக்கிறதுக்கு நல்ல வழின்னு நெனச்சேன், ஒரு நாளைக்கு நாலு தடவை தாகம் எடுக்கும், நாலு தடவை இங்கிலீஷ் பேசுவாங்க, ஒரு மாசத்துல பழகிரும்னு கணக்கு. பூட்ஸ் பாப்பா வந்து நிப்பா, ஜக்கை பாப்பா, என்னைப் பாப்பா. நான் சிரிச்ச முகத்தோட 'வாட்...'னு எடுத்துக் கொடுத்துட்டு காத்திருப்பேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பிப் போயிருவா. சரி, நாளைக்கு கேப்பான்னு நானும் விட்டுருவேன்.

அஞ்சாவது வாரம் அவங்க அம்மாகிட்ட இருந்து ஒரு மெசேஜ். ஃபோன்ல ட்ரான்ஸ்லேட் பண்ணி அனுப்பி இருந்தாங்க, கொஞ்சம் உடைஞ்ச இங்கிலீஷ், ஆனா ரொம்ப மரியாதையா. டீச்சர், மன்னிக்கணும், என் பொண்ணு ஸ்கூல் விட்டு கார்ல ஏறினதும் ஒரு பாட்டில் தண்ணியை நிறுத்தாம குடிக்கிறா, ஒண்ணுக்கு போறது மஞ்சளா இருக்கு, ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறாளா? அவ்வளவுதான் மெசேஜ். நான் பஸ்ல வீட்டுக்குப் போயிட்டு இருந்தேன். 33, 34 டிகிரி வெயில் அடிக்கிற ஊர்ல அஞ்சு வாரமா ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு நான் தண்ணி கொடுக்காம ஒரு வார்த்தைக்காக காத்துட்டு இருந்திருக்கேன். சாப்பாட்டோட வர்ற சூப்பும் ஸ்நாக் டைம் பழமும்தான் அவளைக் காப்பாத்தி இருக்கு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

ஏன் அப்படி செஞ்சேன்னு யோசிச்சா அது தேவகோட்டை பக்கத்துல நான் படிச்ச ஸ்கூலுக்குப் போகுது. பேர் வேண்டாம், அந்தக் காலத்துல நிறைய ஸ்கூல்ல இருந்த பழக்கம்தான். தமிழ்ல பேசினா ஃபைன். க்ளாஸ் லீடர் நோட்டுல பேர் எழுதுவா, ஒரு வார்த்தைக்கு அம்பது காசு. எனக்கு இங்கிலீஷ் வந்தது அந்த பயத்துலதான்னு ரொம்ப வருஷம் நம்பிட்டு இருந்தேன். ஆனா உண்மைல அந்த ரெண்டு வருஷம் நான் ஸ்கூல்ல பேசினதே கம்மி, பாத்ரூம் போகணும்னா கூட அடக்கிக்கிட்டு மணி அடிக்கிற வரை உக்காந்திருப்பேன். அதை சுத்தமா மறந்துட்டு, முப்பது வருஷம் கழிச்சு இன்னொரு நாட்டுல அதையே சிரிச்ச முகத்தோட இன்னொரு பிள்ளைக்கு செஞ்சிருக்கேன்.

திங்கக்கிழமை போனதும் மொத வேலையா ஜக்கை எடுத்து கீழ் ஷெல்ஃப்ல வச்சேன். பக்கத்துல சின்ன சின்ன டம்ளர். யாரும் யாரையும் கேக்க வேண்டாம். அவ அன்னைக்கு மூணு தடவை போய் ஊத்திக் குடிச்சா, பாதி தண்ணி தரைல.

அதுக்கு முந்தின சனிக்கிழமை நடந்ததை சொல்லணும், ஏன்னா எனக்கு டீச்சிங் சொல்லிக்கொடுத்தது ட்ரெயினிங் காலேஜை விட மார்க்கெட்ல தேங்காய் விக்கிற ஒரு அம்மாதான்னு நான் உண்மையிலேயே நம்புறேன்.

வியட்நாமீஸ்ல ஆறு ராகம் இருக்கு. 'மா'ங்கிற ஒரே சத்தத்தை குரலை ஏத்தி, இறக்கி, உடைச்சு, அமுக்கி சொன்னா அம்மா, பேய், குதிரை, கல்லறை, நாத்து, ஆனால்னு ஆறு அர்த்தம் வரும். நம்ம ல, ள, ழ இங்க ஒண்ணுத்துக்கும் உதவாது. தேங்காய்க்கு 'யுஆ'ன்னு குரலை கீழ இறக்கணும். நான் வந்த புதுசுல தைரியமா போய் குரலை மேல ஏத்தி கேட்டுட்டேன், அந்தம்மா ஒரு கட்டு பாண்டன் இலையை எடுத்து பைல போட்டாங்க, இந்த ஊர்ல பாயசத்துக்கும் கேக்குக்கும் வாசனைக்கு போடுற இலை அது. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, ஆனா எனக்கு முகம் சுண்டிப் போச்சு. அதுக்கப்புறம் மாசக்கணக்கா நான் அந்த மார்க்கெட்ல வாயே திறக்கல. விரலை காட்டுவேன், காசை நீட்டுவேன், வந்துருவேன். ரெண்டு டிகிரி வாங்கின, நாள் பூரா பேசி சம்பாதிக்கிற பொம்பள.

அந்தம்மா ஒரு நாள் கூட 'வாயைத் திறந்து கேளு'ன்னு சொன்னதில்ல. நான் விரலை நீட்டினா போதும், தேங்காயை எடுத்து, 'யுஆ'ன்னு தெளிவா ஒரு தடவை சொல்லி, பைல போட்டு, துருவித் தரவான்னு சைகைல கேட்டு, சிரிச்சு அனுப்புவாங்க. ஒவ்வொரு வாரமும். அந்த சனிக்கிழமை பூட்ஸ் பாப்பா நெனப்புலயே தூக்கம் கெட்டுப் போய் நின்னுட்டு இருக்கேன், அந்தம்மா வழக்கம்போல 'யுஆ'ன்னு சொல்லி பையை நீட்டுறாங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. பொருள் மொதல்ல கைக்கு வருது, வார்த்தை அதுகூடவே சும்மா வருது, திருப்பிச் சொல்லணும்னு யாரும் கேக்கல. நான் மட்டும் அதை தலைகீழா செஞ்சிட்டு இருந்தேன்.

இதெல்லாம் படிச்ச விஷயம்தான், படிச்சும் உள்ள இறங்கல. பாட்டன் டேபர்ஸ்ங்கிற அமெரிக்க ஆய்வாளர், புது மொழிக்குள்ள வர்ற சின்னப் பிள்ளைங்க நாலு கட்டம் தாண்டுறாங்கன்னு சொல்றாங்க. மொதல்ல வீட்டு பாஷையையே பேசிப் பாப்பாங்க, யாருக்கும் புரியலன்னு தெரிஞ்சதும் பேசுறதை நிறுத்துவாங்க, அப்புறம் ஒத்தை வார்த்தையும் மனப்பாடமான சின்ன வாக்கியமும் வரும், கடைசியாத்தான் சொந்தமா வாக்கியம் கட்டுவாங்க. ரெண்டாவது இருக்கே அந்த மௌன காலம், அது சில பிள்ளைக்கு சில வாரம், சில பிள்ளைக்கு பல மாசம். அப்ப பிள்ளை சும்மா இல்ல. கேக்குது, உதட்டைப் பாக்குது, எந்த சத்தத்துக்கு யார் எந்திரிக்கிறாங்கன்னு கணக்கு போடுது, உள்ளுக்குள்ள சொல்லிப் பாக்குது. கவனிச்சுப் பாத்தா பூட்ஸ் பாப்பா பாட்டு நேரத்துல உதட்டை மட்டும் அசைப்பா, சத்தம் வராது. ரெண்டு மாசம் என் கண்ணு முன்னாடி அசைஞ்ச உதடு அது. நான்தான் பாக்கல.

அதுக்கப்புறம் நான் அவகிட்ட பேசுறதை குறைச்சு, அவ பக்கத்துல உக்கார்றதை கூட்டினேன். அவ ப்ளாக்ஸ் அடுக்கினா நானும் அடுக்குவேன், 'டால் டவர், வெரி டால்'னு என் பாட்டுக்கு சொல்லிட்டு இருப்பேன், கேள்வி கேக்க மாட்டேன். அவங்க அம்மாகிட்ட கேட்டு ஒரு பன்னெண்டு கொரிய வார்த்தை தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டேன். தண்ணிக்கு 'முல்', வலிக்குதுன்னா 'ஆப்பா', டீச்சருக்கு 'ஸொன்செங்நிம்'. என் உச்சரிப்பைக் கேட்டு அவ முகத்துல ஒரு ஆச்சரியம், அட இவங்களுக்கும் கஷ்டமா இருக்குபோலங்கிற மாதிரி.

நவம்பர்ல ஒரு நாள். ஸ்கூல் நேரத்துல ஃபோனை எடுக்கக்கூடாது, ஆனா அப்பாவுக்கு அப்ப கண் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள், பிள்ளைங்க தூங்குற நேரம்னு எடுத்துட்டேன். 'அப்பா, க்ளாஸ்ல இருக்கேன் அப்பா, அப்புறம் கூப்பிடுறேன்'னு மெதுவா சொல்லிட்டு வச்சா, மெத்தைல தூங்குறா மாதிரி கிடந்த பூட்ஸ் பாப்பா எந்திரிச்சு உக்காந்து என்னையே பாக்குறா. கொரியன்லயும் அப்பாவுக்கு அப்பாதான். அதே ப்ப, அதே அழுத்தம். 'ஸொன்செங்நிம்... அப்பா?'ன்னு கேட்டா. ஆமாடா, என்னோட அப்பான்னு தமிழ்லயே சொல்லிட்டேன், வேற எதுவும் வாயில வரல. அவ தன் நெஞ்சுல கையை வச்சு கொரியன்ல கடகடன்னு என்னென்னமோ சொல்ல ஆரம்பிச்சா, நடுநடுவுல அப்பா, அப்பான்னு மட்டும் எனக்குப் புரிஞ்சது. மூணு மாசமா அவ குரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் கட்டைக் குரல். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன், பக்கத்து மெத்தை பையன் முழிச்சு திட்டுற வரைக்கும்.

வீட்டு மொழியை வேரோட பிடுங்கினாத்தான் இங்கிலீஷ் வளரும்னு நெனக்கிறது தப்பு. கனடால ஜிம் கமின்ஸ்ங்கிற மொழி ஆய்வாளர் இதை பல வருஷமா சொல்லிட்டு இருக்கார், ரெண்டு மொழியும் தலைக்குள்ள ஒரே அடித்தளத்துலதான் நிக்குது, ஒண்ணுல ஆழமா யோசிக்கக் கத்துக்கிட்டது இன்னொண்ணுக்கும் உதவும்னு. விளையாட்டுத் திடல்ல பேசுற இங்கிலீஷ் ரெண்டு வருஷத்துல வந்துரும், பாடம் படிச்சு யோசிக்கிற அளவுக்கு வர 5ல இருந்து 7 வருஷம் ஆகும்ங்கிறது அவர் கணக்கு. நாலு வயசுப் பிள்ளைகிட்ட அஞ்சு வாரத்துல எதிர்பாத்தவ நான்.

இங்க ஒண்ணு சொல்லிக்கிறேன், என் க்ளாஸ்ல எனக்கு உதவியா இருக்குற வியட்நாமீஸ் டீச்சிங் அசிஸ்டன்ட், டிஏ அக்கா இல்லன்னா நான் மொத வருஷமே ஊருக்கு ஓடி வந்திருப்பேன். வியட்நாம்ல பிள்ளைங்க லேடி டீச்சரை 'கோ'ன்னு கூப்பிடும், தன்னை 'நான்'னு சொல்லாது, 'கோன்'னு சொல்லும், 'கோன்'ங்கிறது பிள்ளை. கோங்கிறது அப்பாவோட கூடப்பொறந்தவளுக்கும் அதே வார்த்தைதான்னு அந்த அக்கா சொன்னப்ப எனக்கு அப்படியே ஊர் ஞாபகம் வந்துருச்சு. மிஸ்ஸுன்னா யாரோ ஒருத்தி. அத்தைன்னா சொந்தம். நவம்பர் 20 இங்க ஆசிரியர் தினம், 1982ல இருந்து கொண்டாடுறாங்க, அன்னைக்கு பூக்கடைல கால் வைக்க இடம் இருக்காது, எப்பவோ படிச்சு முடிச்ச பெரிய பசங்க எல்லாம் பைக்ல பூச்செண்டை வச்சுக்கிட்டு பழைய டீச்சர் வீட்டைத் தேடிப் போவாங்க. அன்னைக்கு பூட்ஸ் பாப்பாவும் ஒரு ரோஜா கொண்டு வந்து நீட்டினா. பேசல. ஆனா கொடுத்துட்டு உடனே ஓடாம நின்னா.

வெளிநாட்டு வேலைன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் சம்பளம் மட்டும்தான் தெரியும். டிகிரி சர்டிஃபிகேட்டை தூக்கிட்டு மாநில அரசு, அப்புறம் டெல்லி வெளியுறவுத் துறை, அப்புறம் எம்பஸின்னு ஒவ்வொரு முத்திரையா வாங்கினது, போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வொர்க் பர்மிட்டுக்கு திரும்ப ஓடுறது, இதெல்லாம் கூட பரவாயில்ல. எனக்கு வலிச்சது வேலை விளம்பரத்துல 'நேட்டிவ் ஸ்பீக்கர்ஸ் ஒன்லி'ங்கிற வரி. ஒரு ஸ்கூல்ல இன்டர்வியூ நல்லா முடிஞ்சு, கடைசில பேரன்ட்ஸ் விரும்ப மாட்டாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பாஸ்போர்ட்டோட நிறம்தான் காரணம், நேரடியாவே சொன்னாங்க.

அன்னைக்கு நான் நெனச்சது, சின்னப் பிள்ளைங்களுக்கான மாண்டிசோரி முறையை உருவாக்கின இத்தாலிக்காரங்க, மாண்டிசோரி அம்மாவைத்தான். 1939ல அடையாறு தியாசாபிகல் சொசைட்டிக்கு வந்து சுமார் 300 பேருக்கு ட்ரெயினிங் கொடுத்தாங்க, அதுவும் இத்தாலிய மொழில, பக்கத்துல மகன் மாரியோ நின்னு இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல. உலகப்போர்ல இத்தாலி எதிரி நாடாகிட்டதால 1946 வரைக்கும் இந்தியாலயே இருக்க வேண்டி வந்துச்சு, நடுவுல கொஞ்ச காலம் கொடைக்கானல்ல இருந்தாங்க. எனக்கு சென்னைல ட்ரெயினிங் கொடுத்த மேடம் அந்த அடையாறு வழில வந்தவங்க. பிள்ளை எதைத் தொடுது, எவ்வளவு நேரம் அதுலயே இருக்கு, கைய குறுக்க நீட்டாம பாருன்னு ஆறு மாசம் எங்களுக்கு சொன்னது அது ஒண்ணுதான். அதைப் பாக்க எந்த ஊர் பாஸ்போர்ட் வேணும்?

இதைவிட மனசு கஷ்டப்பட்டது ஒரு தமிழ் குடும்பத்தால. அவங்களை குத்தம் சொல்லல, அந்த பயம் எனக்கும் தெரிஞ்ச பயம். பையனுக்கு மூணரை வயசு, வீட்ல அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள்ள தமிழ், பிள்ளைகிட்ட மட்டும் இங்கிலீஷ். பேரன்ட் மீட்டிங்ல பையனோட அம்மா, சின்னப் பொண்ணுதான், சொல்லுச்சு, 'மேம், எங்க அத்தை வீடியோ கால்ல பேசினா இவன் எந்திரிச்சுப் போயிர்றான், புரிய மாட்டேங்குது.' சொல்லும்போது சிரிச்சுச்சு, பாதிலயே சிரிப்பு நின்னுருச்சு. நான் ஒண்ணுதான் கேட்டேன், அவன் விழுந்து அடிபட்டா நீங்க என்னம்மா சொல்லுவீங்க? 'ஐயோ தங்கமேன்னுதான் வாயில வரும் மேம்.' அதையே நாள் பூரா பேசுங்க, இங்கிலீஷை நான் பாத்துக்கிறேன்னேன். அந்தப் பையன் இப்ப அப்பத்தாகிட்ட ஃபோன்ல டைனோசர் கதை சொல்றான், பாதி இங்கிலீஷ் கலந்து. அப்பத்தா உம் கொட்டி கேக்குறாங்களாம்.

மனசு சரியில்லன்னா நான் போற இடம் பென் தான் மார்க்கெட்டுக்கு பக்கத்துல இருக்குற மாரியம்மன் கோயில். ஃப்ரெஞ்சுக்காரன் ஆட்சிக் காலத்துல, எங்க பக்கத்து நகரத்தார் சைகோனுக்கு கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, வந்தப்ப, இங்க வந்த தமிழங்க கட்டினது. 1975க்கு அப்புறம் தமிழங்க பெரும்பாலும் கிளம்பிட்டாங்க, ஆத்தா மட்டும் இருக்கா. இப்ப கும்புட வர்றது முக்காவாசி வியட்நாமியரும் சீனரும்தான், 'பா அன்'னு சொல்லுவாங்க, இந்திய அம்மான்னு அர்த்தம். கருவறைக்குப் பின்னாடி கல் சுவர்ல நெத்தியை ஒட்டி வச்சு, யாருக்கும் கேக்காம வியட்நாமீஸ்ல முணுமுணுன்னு வேண்டிக்குவாங்க. எங்க அப்பத்தா காலத்துல இருந்து தமிழ்ல கேட்டுப் பழகின ஆத்தா. நானும் அந்த சுவர்ல நெத்தியை வச்சு நின்னிருக்கேன், இந்தப் பக்கம் ஒரு அம்மா, அந்தப் பக்கம் ஒரு பையன், நடுவுல நான் தமிழ்ல.

தெத், அதாவது வியட்நாமீஸ் புது வருஷ லீவு முடிஞ்சு பிள்ளைங்க, காசு வச்சுக் கொடுக்குற சிவப்பு லீ ஸீ கவரோட கதையெல்லாம் கொண்டு வந்தாங்க. பிப்ரவரி 21 தாய்மொழி நாள், 1952ல டாக்கால பங்களா மொழிக்காக உயிர் விட்ட மாணவங்க நினைவுல வந்த நாள். அன்னைக்கு அப்பா அம்மாக்களைக் கூப்பிட்டு அவங்கவங்க பாஷைல கதை சொல்லச் சொன்னேன். பூட்ஸ் பாப்பாவோட அம்மா வந்து கொரியன்ல புலிக் கதை சொன்னாங்க. வகுப்பே வாயைப் பொளந்து கேட்டுச்சு, ஒரு வார்த்தை புரியாம. பூட்ஸ் பாப்பா அம்மாவுக்கு முன்னாடி நிமிந்து உக்காந்து எல்லார் முகத்தையும் பாத்துட்டே இருந்தா, அன்னைக்கு அந்த ரூம்ல எல்லாம் புரிஞ்சது அவளுக்கு மட்டும்தான்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு, வெளில தண்ணித் தொட்டில விளையாடிட்டு இருக்காங்க, ஒரு ஃப்ரெஞ்சுப் பையன் அவ கைல இருந்த புனலைப் பிடுங்கினான். அவ அதைத் திருப்பிப் பிடுங்கி, இடுப்புல கையை வச்சு, 'நோ. இட்ஸ் மை டர்ன். யூ வெய்ட்'னா. ஏழு மாசத்துல மொத இங்கிலீஷ், ஒரு பிழை இல்ல. டிஏ அக்கா என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் திரும்பி நின்னுக்கிட்டோம், கைதட்டினா அவ நிறுத்திருவாளோன்னு. அந்தப் பையன் நிஜமாவே வெய்ட் பண்ணான்.

ஜூன்ல அவங்க அப்பா கம்பெனி வேற நாட்டுக்கு மாத்திருச்சு. இந்த வேலைல இது வருஷா வருஷம் நடக்குறது, பெட்டி கட்டுற குடும்பங்க, 'சீ யூ'ன்னு சொல்லிட்டு போற பிள்ளைங்க, அதுல பாதிப் பேரை இனி பாக்கவே போறதில்லன்னு நமக்குத் தெரியும், அதுகளுக்குத் தெரியாது. கடைசி நாள் அவ சாதா செருப்பு போட்டு வந்தா. பூட்ஸ் சின்னதாப் போச்சாம். அவங்க அம்மா அதை நல்லா கழுவி ஒரு பைல போட்டு, க்ளாஸுக்கு யூஸ் ஆகும்னு கொடுத்துட்டுப் போனாங்க.

இந்த ஆகஸ்ட்ல புது செட். ஜப்பானியப் பையன் ஒருத்தன், மொத நாள்ல இருந்து வாயைத் திறக்கல. மூணாம் நாள் மழை விட்டதும் வெளில போகலாம்னு கதவைத் திறந்தா, அவன் ஷூ ராக்ல இருந்து அந்த மஞ்சப் பூட்ஸை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சான். கால்ல மாட்டிவிட்டேன், கொஞ்சம் பெருசு. 'பூட்ஸ்'னேன். அவன் எதுவும் சொல்லாம தேங்கி நின்ன தண்ணிக்குள்ள குதிக்கப் போயிட்டான்.